சொதி சாப்பிடாத மாப்பிள்ளை

ஜூன் 10, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி பத்துக்கு எவ்வளவு, அப்புறம் போனது எந்த வகை. மலத்துக்கு ஏழு வகை உண்டாம்: ஒன்று கல், நாலு சரி, ஏழு வெறும் தண்ணீர். படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். என்ஜினீயரிங் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷமாக இந்த வயிறு. எத்தனையோ டெஸ்ட், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம் ஆயிற்று. எல்லாம் நார்மல் என்றார்கள். எல்லாம் நார்மல் என்றால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டேன். பாளையங்கோட்டை டாக்டரம்மாதான் பெயர் சொன்னார்: குடல் எரிச்சல் நோய். உயிருக்கு ஆபத்தில்லை என்று சிரித்தார். அதுதான் இதில் பெரிய எரிச்சல். உயிருக்கு ஆபத்து என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம்.

இன்னொரு தாளில், ஆறு வாரத்துக்கு ஆகாதவை: சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, எந்தப் பருப்பும், கோதுமை, மைதா, பால், தயிர், மாம்பழம், பலாப்பழம், காலிஃப்ளவர். பெருங்காயத் தூளும் கூடாது, அதில் மைதா கலக்கிறார்களாம். திருநெல்வேலிச் சமையலில் இதெல்லாம் போக மிச்சம் உப்பும் தண்ணீரும்தான்.

ஆனால் முறை சரியான முறை. நான் எடைமேடை சர்வீஸ் பார்க்கிறவன். லாரி ஏறி நிற்கிற மேடை தப்பாகக் காட்டினால் எல்லாவற்றையும் இறக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு எடைக்கல்லாக ஏற்றிப் பார்ப்பேன். எந்தக் கல்லில் பிசகுகிறதோ அங்கே கோளாறு. வயிற்றுக்கும் அதேதான். கல்யாணம் முடிந்த மறு திங்களிலிருந்து தொடங்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்தது. இன்று தொடங்கிவிட்டேன்.

என் மனைவி உலகுவிடம் சொல்லவில்லை. அவசியமில்லை, ஆறு வாரம்தானே. கல்யாணத்துக்கு முன்னால் இதைப் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். கூச்சமெல்லாம் கிடையாது.

வலி 4. வகை 6.

ஜூன் 12, புதன்

சுரண்டையில் மறுவீடு. மறுவீடு என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொதி. தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, பட்டாணி, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், பூண்டு. டாக்டரம்மாவின் தாளை யாரோ அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்த மாதிரி இருந்தது.

உலகுவின் அப்பா, மாமா சங்கரபாண்டி, அவர் கையாலேயே கரண்டியைப் பிடித்து ஊற்றினார். காய்கறி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. விரலெல்லாம் தடித்துப்போயிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று வரதட்சணை ஒன்றும் வேண்டாம் என்று நான் சொன்னதை இன்றும் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னார். முதல் நாளே வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. சாப்பிட்டேன். மூன்று முறை ஊற்றினார், மூன்றையும் சாப்பிட்டேன்.

காரில் திரும்பும்போது பாவூர்சத்திரம் தாண்டவில்லை. ஆபீஸ் போன் பேசணும் என்று பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். இருபத்து மூன்று நிமிஷம். வந்து உட்கார்ந்ததும் யார் போனில் என்று உலகு கேட்டாள். மேனேஜர் என்றேன். இவ்வளவு நேரமா என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம்தான் பார்த்தேன். போன் காரில், அவள் பக்கத்துச் சீட்டில் கிடந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வலி 9. வகை 7.

ஜூன் 13, வியாழன்

வகை 7. ஐந்து தடவை. இனி யார் வீட்டிலும் தொடுவதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆலங்குளத்தில் மாமாவின் அண்ணன் வீட்டு விருந்து. புது மாப்பிள்ளையை ஊர் ஊராக இழுத்துப்போய்த் தின்னவைப்பது என்ன பழக்கம் என்று தெரியவில்லை. எங்களுக்குக் கல்யாணம் ஆனதற்கு என் வயிறு ஏன் வரி கட்ட வேண்டும்?

வெறும் சோறும் இஞ்சித் துவையலும் போட்டுக்கொண்டேன். சாம்பார் வேண்டாம் என்றேன். கூட்டு வேண்டாம். பாயசம் வேண்டாம். பசி இல்லை என்றேன். பெரியத்தை கூட்டுக் கரண்டியோடு இலைக்கு மேலே குனிந்தபடியே நின்றாள், நிமிரவில்லை. மாமா பந்தியின் மறுமுனையில் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் இலையைப் பார்த்தார். ஏன் வேண்டாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருக்க மாட்டேன். அது வேறு.

வலி 2. வகை 5. தாள் வேலை செய்கிறது.

ஜூன் 19, புதன்

கடையம் பக்கம் கல்குவாரி. எடைமேடை இருநூறு கிலோ குறைத்துக் காட்டுகிறது. குவாரிக்காரர் மேடை சரிதான், லாரிக்காரன்தான் திருடன் என்கிறார். கோளாறை நேராகச் சொன்னால் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. மேடைக்கடியில் கல் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்ததும் சரியாயிற்று. ஒளித்து வைத்தால் எந்த எந்திரமும் உண்மை சொல்லாது என்று அவரிடம் சொன்னேன். முறைத்தார்.

அங்கே கக்கூஸ் இல்லை. மதியம் சாப்பிடவில்லை.

வீட்டில் உலகு புளிக்குழம்பு வைத்திருந்தாள், சின்ன வெங்காயம் மிதந்தது. சைட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பாத்ரூம் போகிறேன், சத்தம் ஹாலுக்குக் கேட்கிற வீடு. தண்ணீர் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

வலி 3.

ஜூன் 23, ஞாயிறு

சுரண்டையிலேயே உலகுவின் சித்தப்பா ஆவுடையப்பன் வீட்டில் விருந்து. இந்த மனுஷர் வாயைத் திறந்தால் பந்தியே சிரிக்கும். சோறும் உப்பும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போன வாரம் போலவே அமைதி.

அங்கே கக்கூஸ் பின்புறம் இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. காலால் கதவை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கை கழுவுகிற இடம். சித்தப்பாவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, மாப்ள எலையில கைய வைக்காம எந்திரிச்சா என்ன அர்த்தம்? எலையில இல்லாத ஒண்ணத் தேடுதாருன்னு அர்த்தம்."

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னவருல்லா" என்றார் மாமா.

"அப்போ வேண்டாம்னாரு. நாலு பேரு சொல்லிருப்பான், இப்போ வேணும். வாயால கேப்பாரா? இப்பிடித்தான் முறுக்கிக்கிடுவாரு. நீங்கதான் புரிஞ்சிக்கிடணும்."

மாமா வாய் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

உடம்பெல்லாம் எரிந்தது. நானா கேட்கிறவன்? வரதட்சணை வாங்கியவர்களோடு ஒரே பந்தியில் உட்காரக்கூட மாட்டேன் என்று நண்பர்களிடம் சண்டை போட்டவன் நான். எழுந்து போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் எழுந்திருக்கிற நிலையில் இல்லை.

வெளியே வந்தபோது எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இப்போது யோசிக்கையில் தோன்றுகிறது.

வலி 5. சோற்றில் எதுவும் இல்லையே, பிறகு ஏன் 5?

ஜூன் 26, புதன்

டாக்டரம்மாவின் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உலகு சட்டையைத் துவைத்துவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். தேடினால் மேசையில் கரண்ட் பில்லுக்கு அடியில் இருக்கிறது, நனையாமல். நானே எடுத்து வைத்திருப்பேன்.

வலி 3. வகை 5.

ஜூன் 29, சனி

உலகுவின் சமையல் முன்னைப்போல இல்லை. முதல் இரண்டு வாரம் அடுக்கடுக்காக வைத்தாள். இப்போது ஒரு பீன்ஸ் பொரியல், கத்தரிக்காய் வதக்கல், மிளகுத் தண்ணீர் மாதிரி ஒரு ரசம். வியாழக்கிழமை பூசணி, மறுநாள் இரண்டு தடவை போனது. ஒரு வாசனையும் இல்லை. சலித்துவிட்டது போலிருக்கிறது, அதற்குள்ளேயே. நான் எதையும் பாராட்டவில்லை என்று கோபமாக இருக்கலாம். எனக்கு ஒருவிதத்தில் வசதி, சாக்கு எதுவும் சொல்லாமல் சாப்பிட முடிகிறது.

வலி 1. வகை 4. மூன்று வருஷத்தில் முதல் வகை 4. இதை யாரிடம் சொல்வது?

ஜூலை 4, வியாழன்

வலி 1. வகை 4. ஆறு நாளாக இப்படி. தாளின் வெற்றி. தனி ஆளாகச் செய்திருக்கிறேன்.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் உலகு கேட்டாள்: "அத்தான், எங்கிட்ட எதும் சொல்லணுமா?"

ஒன்றுமில்லையே என்றேன். சரி என்றாள். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துவிட்டாள். காலரில் பழுப்பு விழுந்துவிட்டது. என்ன கேள்வி அது? சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கமே எனக்குப் பிடிக்காது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வாசலில் ஹாரன். புது பைக். சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். ஓட்டி வந்தவர் ஷோரூம் ஆள். பின்னால் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாப்ள, கல்யாணத்தப்ப ஒண்ணும் வேண்டாம்னிய. அது உங்க பெரிய மனசு. ஆனா சொல்லாம மனசுல இருக்கத நாங்கல்லா புரிஞ்சிக்கிடணும். ஊரு ஊராப் போயி லாரி பாக்கிய, பழைய வண்டில. கொஞ்சம் பிந்திப்போச்சு, தப்பா எடுத்துக்கிடாதிய. இனிம எங்க வீட்டுல வயிறாரச் சாப்பிடணும்."

சாவியை நீட்டினார்.

சமையலறை வாசலில் உலகு டம்ளரோடு நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். கண் சிமிட்டாமல். ஏன் அப்படிப் பார்த்தாள்?

வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். பிறகு எதற்கு இரண்டு வீட்டில் சாப்பிடாமல் எழுந்தீர்கள் என்று கேட்பார். ஷோரூம் ஆள் வேறு வாசலில் நிற்கிறான். அந்த இடத்தில், அந்த ஹாலில், பேதி என்று எப்படிச் சொல்ல? பேராசைக்காரன் என்றால் ஊரில் ஒரு மரியாதையாவது உண்டு. பேதிக்காரனுக்கு என்ன உண்டு?

எதற்கு மாமா இதெல்லாம் என்றேன். அது மறுப்பு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டேன்.

உலகு டம்ளரை மேசையில் வைத்தாள். தண்ணீர் சிந்தியது. துடைக்கவில்லை. அவள் எதையும் துடைக்காமல் விடுகிறவள் இல்லை.

மதியம் வழக்கமான சாப்பாடு. பீன்ஸ், ரசம். தாளில் ஆகாது என்று இருக்கிற எதுவும் இல்லை. வலி 7. வகை 6. விளக்கம் இல்லை.

ஜூலை 15, திங்கள்

பழைய வண்டியிலேயே வேலைக்குப் போனேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம். உலகுவின் அம்மா, அத்தை சண்முகவடிவு, வந்து கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். அத்தை முறுக்கு வாங்க நகர்ந்ததும் உலகு பேசினாள். இரண்டு நாளைக்குப் பிறகு பேசுகிறாள்.

"அப்பா மொபட்டக் குடுத்துட்டாவ, தெரியுமா? வண்டிக்கு. மண்டிக்கு நடந்துதான் போறாவ. விடிய மூணு மைலு."

நான் கேட்கவில்லையே என்றேன்.

"நீங்க கேக்கலதான். வேற ஒண்ணும் சொல்லவும் இல்ல."

பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள், சத்தம் போடாமல், கணக்கு வாத்தியார் மாதிரி.

"ஆடிப் பதினெட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவாவ. வந்து ஒண்ணு, சாப்பிடுங்க. இல்லன்னா ஏன் சாப்பிடலன்னு எங்க அப்பாட்டச் சொல்லுங்க. ரெண்டும் முடியாதுன்னா வராதிய. நானும் வரல."

மிரட்டுகிறாள். எனக்கு மிரட்டலே பிடிக்காது. வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்தினேன். கேட்க ஆள் இல்லை.

ஜூலை 20, சனி

நாலு நாளாகக் கடைச் சாப்பாடு. இன்று வேண்டுமென்றே பரோட்டா, சால்னா. தாளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மூன்று பரோட்டா.

ஜூலை 21, ஞாயிறு

வலி 9. வகை 7. ஏழு தடவை. குழாயைத் திறக்கவில்லை. யாருக்காகத் திறக்க?

இன்றோடு ஆறு வாரம் முடிகிறது. டாக்டரம்மா கணக்குப்படி இன்று நான் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

மதியம் கஞ்சி வைக்க எழுந்தேன். உப்பு எங்கே என்று தெரியவில்லை. வெங்காயக் கூடையைத் தூக்கிப் பார்த்தேன், காலி. ஒரு சருகுகூட இல்லை. பூண்டு டப்பாவில் கிராம்பு இருந்தது. பெருங்காய டப்பாவே இல்லை. பருப்புத் தூக்குகளில் பருப்பு விளிம்புவரை அப்படியே, தொட்ட தடமில்லை.

அலமாரிக் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உலகு கையெழுத்து. மேலே 'அத்தானுக்கு ஆகாதது' என்று எழுதி அடிக்கோடு. டாக்டரம்மாவின் தாளை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். தேதி ஜூன் 26.

கீழே அவளாகச் சேர்த்தது:

பீன்ஸ், சரி.
கத்தரிக்காய், சரி.
முருங்கைக்காய், சரி.
பூசணி, மறுநாள் மூணு தடவை போனாங்க. வேண்டாம்.
தேங்காய்த் துவையல் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.
வெளியே விருந்துன்னா சாப்பிடாமலே இருந்தாலும் வலிக்குது. ஏன்?

கடைசி வரி பென்சிலில். 'கேட்டா கூச்சப்படுவாங்க. அவங்களாச் சொல்லட்டும்.'

முதலில் வந்தது கோபம். இருபது நாள் நான் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்ததை இவள் ஹாலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தனி ஆளாகச் செய்தேன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூசணிக்கு மறுநாள் நான் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். மூன்றுதான். அவள் கணக்கு சரி.

விருந்து பற்றிய வரியை ரொம்ப நேரம் பார்த்தேன். ஜூன் 23, வலி 5. ஜூலை 14, வலி 7. என்ன சாப்பிட்டேன் என்று மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் அப்பா சாவியை நீட்டியபோது அவள் ஏன் என்னையே பார்த்தாள் என்று கேட்டு எழுதியிருந்தேன். பதிலை எழுதக் கை வரவில்லை.

ஜூலை 25, வியாழன்

போன் செய்தேன். உலகு, எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றாள். அலமாரியைப் பார்த்துவிட்டேன் என்றேன். 

அப்பாவிடம் நீயே சொல்லிவிடேன் என்றேன். நான் கேட்டதிலேயே கேவலமானது அது, கேட்டு முடித்ததும் தெரிந்தது.

"சாவிய நானா வாங்கினேன்?" என்றாள். வைத்துவிட்டாள்.

வலி 6. காலையிலிருந்து சாப்பிட்டது கஞ்சி.

ஜூலை 31, புதன்

மாமா போனில் அழைத்தார். சனிக்கிழமை பதினெட்டாம் பெருக்கு, கண்டிப்பாக வரணும் மாப்ள, அத்தை சொதி வைக்கிறாள் என்றார். குரலில் மரியாதை ஒரு பிசிறில்லாமல் இருந்தது. அதைக் கேட்கத்தான் முடியவில்லை. மண்டிக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். நடந்து போறது ஒடம்புக்கு நல்லதுல்லா என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

புது வண்டியில் போனேன். முதல் தடவையாக ஓட்டுகிறேன். நல்ல வண்டி. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பாவூர்சத்திரம் பங்கில் இரண்டு தடவை நிறுத்தினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை.

பந்தியில் ஐந்து பேர். மாமா, சித்தப்பா ஆவுடையப்பன், பக்கத்து வீட்டார் இருவர், நான். மாமா இந்த முறை பரிமாறவில்லை, எனக்குச் சரியாக எதிரே உட்கார்ந்தார். அவர் குதிகால் வெடித்துப் புழுதி ஏறியிருந்தது. அத்தை சோறு போட்டு, சொதியை ஊற்ற வாளியைச் சாய்த்தாள். உலகு சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

"இன்னைக்கு மாப்ள ஒரு வாளிய முடிச்சிருவாரு. வண்டில வந்த பசி" என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டார் சிரித்தார்கள்.

இலைக்கு மேல் கையை வைத்துத் தடுத்தேன். சிரிப்பு நின்றது. சர்வீஸ் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரிதான் எனக்குச் சொல்ல வந்தது.

"மாமா, எனக்குக் குடல்ல நோய். மூணு வருஷமா இருக்கு. சொதி சாப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல பேதி போகும். வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் ஒண்ணும் ஆகாது. மறுவீட்டன்னைக்குச் சாப்பிட்டு வழியில பெட்ரோல் பங்குல கெடந்தேன். அதான் அதுக்கப்புறம் எங்கயும் சாப்பிடல. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

சாவியை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தேன்.

"வண்டி நான் கேக்கல. நீங்க குடுத்தப்போ வேண்டாம்னும் சொல்லல. இதச் சொல்லுததுக்குப் பதிலா அது பரவால்லன்னு வாங்கிட்டேன்."

 சித்தப்பா புரையேறி இருமினார். அத்தைதான் முதலில் பேசினாள். "பூண்டு ஆகாதா? வாயுவுக்கு மருந்தே பூண்டுதானய்யா."

"நீ செத்த சும்மா இரு" என்றார் மாமா.

சாவியைப் பார்த்தார். பிறகு என்னை. கல்யாணம் பேசிய நாளிலிருந்து நீங்க, வாங்க தவிர வேறு சொல் வராத மனுஷர். முகம் கறுத்துவிட்டது.

"வயித்துக்கு முடியல, சரி. ஒமக்கு வாய்க்கு என்ன செஞ்சுது?"

சாவியை இலையோரத்தில் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன்.

"என் மக வாழ்க்க போயிரும்னு பயந்துல்லா நான் ஷோரூம் வாசல்ல போயி நின்னேன். நீரு கேக்குத ஆளு இல்லன்னு இந்த ஊரு பூராச் சொல்லிட்டு, அடுத்த மாசம் அதே ஊருல வண்டி வாங்கினேன். அன்னைக்கு ஒரு வார்த்த. ஒரே வார்த்த."

அவர் இலையில் கை வைக்கவே இல்லை. அப்படியே எழுந்து கை கழுவாமல் பின்வாசலுக்குப் போய்விட்டார். நான் இரண்டு வீட்டில் எழுந்து போனது மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது பார்த்தேன். சித்தப்பா இலையை மடித்தார். பக்கத்து வீட்டார் மெல்ல நழுவினார்கள். நான் மட்டும் வெறும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பின்வாசலிலிருந்து அவர் குரல் வந்தது. யாரிடம் என்று சொல்லவில்லை. "அவரப் பட்டினியா அனுப்பிராதிய."

உலகு வந்தாள். கையில் மூடி போட்ட சின்னத் தூக்கு. இலையில் வைத்தாள்: பீன்ஸ் பொரியல், முருங்கைக்காய் போட்ட மிளகு ரசம், தேங்காய்த் துவையல் ஒரே ஒரு கரண்டி. சூடு ஆறிப்போயிருந்தது. காலையிலேயே செய்து வைத்திருக்கிறாள்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் இதை என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"நானே தின்னுருப்பேன்" என்றாள். "தின்னுட்டு இங்கேயே இருந்திருப்பேன்."

சாப்பிட்டேன். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.  ஆவணி ஒன்றாம் தேதி திரும்பி வர எந்த பஸ் என்று மட்டும் இலை எடுக்கும்போது சொன்னாள்.

வலி எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இரவு சுரண்டையிலேயே தங்கினேன். மண்டி முதலாளியின் தம்பிக்கு வண்டி பிடித்திருக்கிறதாம். எடுத்துக்கொண்டு மொபட் ஒன்றும் மீதிப் பணமும் தருகிறேன் என்றிருக்கிறார். காலை ஆறு மணிக்கு மாமா மண்டிக்குப் புறப்பட்டார். பின்னால் உட்காருங்கள், கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் நடக்கும்போது நான் எப்படி ஓட்டிப் போவது? வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். மூன்று மைல். நூற்று நாற்பது கிலோ வண்டி, இதை எடைபோட மேடை தேவையில்லை. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று ஒருவர் கேட்டார். மாமா நடந்துகொண்டே இருந்தார், நானும் தள்ளிக்கொண்டே போனேன்.

பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"வெளிய போணுமா?"

வேண்டாம் மாமா என்றேன்.

"போணும்னா சொல்லணும்" என்றார். நடந்தார்.

வலி 2. வகை 4.